ஷாப்.டெஸ்ட் திறக்கவில்லையா? கோளாறு எந்தப் படியில் என்று கண்டுபிடிக்கும் முறை

உங்கள் கணினியிலேயே ஓடும் தளத்துக்கு ஷாப்.டெஸ்ட் என்று பெயர் வைத்து, ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று கணினி பார்க்கும் பட்டியல்) 127.0.0.1 என்ற, உங்கள் கணினியையே குறிக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் அதை எழுதியும் விட்டீர்கள். பிரவுசரில் அடித்தால் பக்கம் வரவில்லை. உடனே கேஷை அழிப்பது, வேறு பிரவுசருக்குத் தாவுவது, கணினியை ரீஸ்டார்ட் செய்வது என்று கை போன போக்கில் இறங்கினால் அரை நாள் போய்விடும். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வந்து நிற்கும்.

பெயரை அடித்து என்டர் தட்டியதும் நான்கு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. பிரவுசர் முதலில் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கண்டுபிடிக்கிறது. பிறகு அந்த முகவரியில் 80, 443, 3000 என்று ஏதோ ஒரு போர்ட்டில் (ஒரே கணினியில் ஓடும் சேவைகளைப் பிரித்தறியும் எண்) இணைகிறது. ஹெச்டிடிபிஎஸ் என்றால் சான்றிதழைச் சரிபார்க்கிறது. கடைசியாக, வந்த கோரிக்கையில் இருக்கும் பெயரைப் பார்த்து எந்தத் தளத்தைக் கொடுப்பது என்று சர்வர் முடிவு செய்கிறது. இதில் எங்கே அறுந்தது என்று முதலில் தெரிந்துகொண்டு, அங்கே மட்டும் கை வையுங்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிக்கேற்பத் தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

பிழைச் செய்தியே பாதி விடை

குரோம், எட்ஜ் இரண்டிலும் பிழைப் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு குறியீடு இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. டிஎன்எஸ்_ப்ரோப்_ஃபினிஷ்ட்_என்எக்ஸ்டொமைன், அல்லது எர்_நேம்_நாட்_ரிசால்வ்ட் என்று இருந்தால் பெயருக்கு முகவரியே கிடைக்கவில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பு, டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி சொல்லும் சேவை), ப்ராக்ஸி (உங்களுக்காக இணையத்தைக் கேட்டுத் தரும் இடை சர்வர்) பக்கம் பாருங்கள். எர்_கனெக்‌ஷன்_ரெஃப்யூஸ்ட் என்று இருந்தால் நிலைமை வேறு: முகவரி கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் எந்த சர்வரும் ஓடவில்லை. இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்த உட்காருவதுதான் புதியவர்கள் அதிகம் விழும் குழி. டைம்ட்_அவுட் என்று முடிந்தால், பெயர் ஏதோ ஒரு பழைய முகவரியைக் காட்டுகிறது, அல்லது நடுவில் ஃபயர்வால் மறிக்கிறது. எர்_செர்ட் என்று தொடங்கினால் சான்றிதழ் சிக்கல்.

பிழைப் பக்கம் வராமல் வேறு ப்ராஜெக்டின் பக்கமோ, 403, 404 எண்களோ வந்தால் சந்தோஷப்படுங்கள். பெயர், போர்ட் இரண்டும் சரி. மிச்சம் சர்வர் அமைப்பு மட்டுமே.

இன்னொன்றும் நடக்கும்: பக்கத்துக்குப் பதில் கூகுள் தேடல் முடிவுகள் வந்து நிற்கும். நீங்கள் அடித்ததை முகவரி என்றே பிரவுசர் எடுத்துக்கொள்ளவில்லை. புள்ளி இல்லாத ஒற்றைச் சொல் பெயர்களுக்கு இது வழக்கம். முன்னால் ஹெச்டிடிபி:// சேர்த்து, கடைசியில் ஒரு சாய்கோடும் போட்டு அடித்துப் பாருங்கள்.

பெயரின் வாலைப் பொறுத்தே பாதி வம்பு

.டெவ் என்ற வால் அழகாக இருக்கிறது என்று வைக்காதீர்கள். அது கூகுள் நடத்தும் உண்மையான டொமைன். 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 முதல், .டெவ்வில் முடியும் எந்தப் பெயரையும் பிரவுசர் ஹெச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திறக்கும். மற்ற பிரவுசர்களும் அப்படியே. நீங்கள் ஹெச்டிடிபி என்று அடித்தாலும் தானாக மாற்றிவிடும். .ஆப் என்ற வாலுக்கும் இதே கதிதான்.

.லோக்கல் வேண்டாம். அது எம்டிஎன்எஸ் என்ற உள் வலைப்பின்னல் முறைக்கு 2013இல் ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணம் மூலம் ஒதுக்கப்பட்டது. பிரின்டர்களும் மேக் கணினிகளும் ஒன்றையொன்று கண்டுகொள்வது அந்த வழியில்தான். மேக்கில் .லோக்கல் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் போட்டால் ஒவ்வொரு பக்கமும் சில விநாடி தாமதித்துத் திறக்கும். 127.0.0.1 போன்ற பழைய வகை (ஐபிவி4) வரி மட்டும் இருப்பதால், புதிய வகையான ஐபிவி6 முகவரியைக் கேட்டு வலைப்பின்னல் முழுக்கக் கூவிவிட்டு, பதில் வரும் என்று காத்திருக்கும். தவிர்க்கவே முடியாதென்றால் அதே பெயருக்கு ::1 என்ற முகவரியோடு (127.0.0.1க்கு ஐபிவி6இல் நிகரானது) இரண்டாவது வரி சேர்த்துவிடுங்கள். தாமதம் போய்விடும்.

நல்ல வால்கள் இரண்டு. 1999இல் வந்த ஆர்எஃப்சி 2606 .டெஸ்ட், .லோக்கல்ஹோஸ்ட் இரண்டையும் யாருக்கும் விற்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்தது. எங்கள் பரிந்துரை .லோக்கல்ஹோஸ்ட். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் (ஃபயர்ஃபாக்ஸ் 84 முதல்) ஷாப்.லோக்கல்ஹோஸ்ட் போன்ற பெயர்களை யாரிடமும் கேட்காமல் நேராக உங்கள் கணினிக்கே அனுப்பிவிடும். ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தொடவே வேண்டியதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்துக்குப் பின்னணியில் ஓடும் நிரல்), கேமரா, இருப்பிடம் போன்றவை பாதுகாப்பான சூழலில் மட்டுமே வேலை செய்யும். ஹெச்டிடிபி://ஷாப்.லோக்கல்ஹோஸ்ட் அந்தச் சூழலில் சேர்த்தி, ஹெச்டிடிபி://ஷாப்.டெஸ்ட் சேர்த்தி இல்லை. சஃபாரி, டெர்மினல் கருவிகள், உங்கள் சொந்த நிரல்கள் ஆகியவை இயக்குதளத்தைக் கேட்டு நடப்பவை. அவற்றுக்காக ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி தேவைப்படலாம்.

பெயரில் எழுத்து, எண், நடுக்கோடு மட்டும் வையுங்கள். அடிக்கோடு போட்டால் சில கருவிகள் அதை முகவரியாகவே ஏற்காது.

ஹோஸ்ட்ஸ் கோப்பு

விண்டோஸில் சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்ற ஃபோல்டர் வரிசைக்குள் ஹோஸ்ட்ஸ் இருக்கிறது. மேக்கிலும் லினக்ஸிலும் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ். எழுத வேண்டிய வரி இவ்வளவுதான்:

127.0.0.1   ஷாப்.டெஸ்ட்

முகவரி முதலில், பெயர் பிறகு, நடுவில் இடைவெளி அல்லது டேப். ஹெச்டிடிபி:// சேர்த்தால் வேலை செய்யாது. 127.0.0.1:3000 என்று போர்ட் எழுதினாலும் செய்யாது, ஏனென்றால் இந்தக் கோப்புக்கு போர்ட் என்பதே தெரியாது. சர்வர் 3000இல் ஓடினால் பிரவுசரில் ஷாப்.டெஸ்ட்:3000 என்றுதான் அடிக்க வேண்டும். எண் இல்லாமல் திறக்க ஆசை என்றால் 80ஆம் போர்ட்டில் என்ஜின்எக்ஸ் அல்லது கேடி என்ற இடை சர்வரை ஓடவிட்டு, வரும் கோரிக்கையை 3000க்குத் திருப்பிவிடுங்கள்.

நட்சத்திரக் குறி போட்டு எல்லாத் துணைப்பெயர்களையும் ஒரே வரியில் அடக்கவும் முடியாது. ஏபிஐ.ஷாப்.டெஸ்ட், அட்மின்.ஷாப்.டெஸ்ட் ஒவ்வொன்றையும் தனியாக எழுத வேண்டும். அது சலிக்கும் அளவுக்குப் பெயர்கள் பெருகினால் மேக்கிலோ லினக்ஸிலோ டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎன்எஸ் சர்வரை நிறுவுங்கள். அதில் .டெஸ்ட்டில் முடியும் அத்தனையும் 127.0.0.1 என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

விண்டோஸில் சேமிக்கும் இடத்தில்தான் அதிகம் தவறுகிறது. நோட்பேடை ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பிறகு அதற்குள் இருந்து கோப்பைத் திறக்க வேண்டும். திறக்கும் பெட்டியில் கீழே எல்லாக் கோப்புகளும் என்று மாற்றாவிட்டால் ஃபோல்டர் காலியாகத் தெரியும். சாதாரணமாகத் திறந்து சேமித்தால் அனுமதி இல்லை என்று சொல்லி வேறு இடத்தில் சேமிக்கச் சொல்லும். அங்கே ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்று ஒரு கோப்பு பிறக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வழக்கமாக வாலை மறைத்துவிடுவதால் அதுவும் ஹோஸ்ட்ஸ் போலவே கண்ணுக்குத் தெரியும், விண்டோஸ் மட்டும் அதைத் திரும்பிப் பார்க்காது. வியூ மெனுவில் கோப்பு வால்களைக் காட்டச் சொல்லிவிட்டு ஒருமுறை சரிபாருங்கள். என்கோடிங் யுடிஎஃப்-16 ஆக மாறியிருந்தாலும் வரிகள் படிக்கப்படாது. ஏஎன்எஸ்ஐ அல்லது பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 போதும். எல்லாம் சரியாகச் சேமித்தும் வரி மறைந்துவிடுகிறது என்றால் ஆன்டிவைரஸ் அதைப் பழைய நிலைக்குத் திருப்புகிறதா என்று பாருங்கள். இந்தக் கோப்பைக் காவல் காக்கும் பழக்கம் சிலவற்றுக்கு உண்டு.

அலுவலக லேப்டாப்பில் அட்மின் அனுமதி இல்லாதவர்கள் குரோமை முழுவதும் மூடிவிட்டு, டெர்மினலில் இருந்து --ஹோஸ்ட்-ரிசால்வர்-ரூல்ஸ் என்ற விருப்பத்தோடு திறக்கலாம். அதற்கு மதிப்பாக, மேற்கோள் குறிகளுக்குள், மேப் ஷாப்.டெஸ்ட் 127.0.0.1 என்று கொடுங்கள். மேப் என்பது மட்டும் பெரிய எழுத்தில்.

பெயர் பிடிபட்டதா என்று சோதிப்பது

இங்கே எல்லோரும் முதலில் எடுப்பது என்எஸ்லுக்அப் கட்டளை. அதை எடுக்காதீர்கள். என்எஸ்லுக்அப்பும், அதைப் போன்ற டிக் கட்டளையும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படிப்பதில்லை. நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும். அங்கே ஷாப்.டெஸ்ட் கிடையாது, எனவே இல்லை என்ற பதிலே வரும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் எல்லாம் சரியாக இருக்கும்போதே அது தவறு என்று நம்பவைத்துவிடும்.

பிங் ஷாப்.டெஸ்ட்

இது இயக்குதளத்தைக் கேட்கிறது, ஆகவே ஹோஸ்ட்ஸ் கோப்பும் கணக்கில் வரும். முதல் வரியில் அடைப்புக்குறிக்குள் வரும் முகவரியைப் பாருங்கள். 127.0.0.1 என்று இருந்தால் பெயர் சரி. வேறு எண் வந்தால் கோப்பில் அதே பெயருக்கு மேலே இன்னொரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். லினக்ஸில் இன்னும் துல்லியமாகப் பார்க்க கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ் ஷாப்.டெஸ்ட் என்று கொடுங்கள். அது எதையும் தராவிட்டால் /ஈடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் ஹோஸ்ட்ஸ் என்று தொடங்கும் வரியில் ஃபைல்ஸ் என்ற சொல் டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரையும் சர்வரையும் பிரித்துச் சோதிக்கக் கர்ல் (டெர்மினலில் இருந்தே பக்கத்தைக் கேட்கும் கருவி) ஒரு அருமையான வழி தருகிறது:

கர்ல் -வி --ரிசால்வ் ஷாப்.டெஸ்ட்:80:127.0.0.1 ஹெச்டிடிபி://ஷாப்.டெஸ்ட்/

ஹோஸ்ட்ஸ் கோப்பு, டிஎன்எஸ் எதையும் கேட்காமல், சொன்ன முகவரிக்கே போய், ஆனால் ஷாப்.டெஸ்ட் என்ற பெயரைச் சொல்லியே பக்கத்தைக் கேட்கும். இதில் பக்கம் வந்து பிரவுசரில் வரவில்லை என்றால் கோளாறு பெயர் தேடும் பக்கம். இதிலும் வரவில்லை என்றால் சர்வர் பக்கம். விண்டோஸின் பழைய பவர்ஷெல்லில் கர்ல் என்பது வேறொரு கட்டளையின் மாற்றுப்பெயர். அங்கே கர்ல்.எக்ஸி என்று முழுதாக அடியுங்கள்.

பிங் சரி, பிரவுசர் மட்டும் அடம்பிடித்தால்

முதலில் இயக்குதளத்தின் நினைவை அழியுங்கள். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ். மேக்கில் சூடோ டிஎஸ்கேஷ்யூடில் -ஃப்ளஷ்கேஷ், அதையடுத்து சூடோ கில்ஆல் -ஹெச்யூபி எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர் (ஹெச்யூபி பெரிய எழுத்தில், கடைசிச் சொல்லில் எம் சிறியது, டிஎன்எஸ்ஸும் அடுத்து வரும் ஆரும் பெரியவை). சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ்.

பிறகு பிரவுசரின் சொந்த நினைவு. குரோமில் குரோம்://நெட்-இன்டர்னல்ஸ்/#டிஎன்எஸ் என்ற பக்கத்தில் ஹோஸ்ட் கேஷை அழிக்கும் பொத்தான் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் அபவுட்:நெட்வொர்க்கிங்#டிஎன்எஸ். ஆனால் குரோமில் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே இடத்தில் #சாக்கெட்ஸ் என்ற பக்கத்துக்கும் போய் சாக்கெட் பூல்களை ஃப்ளஷ் செய்யுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பைப் பிரவுசர் மூடாமல் வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்தும். நேரலையில் இருக்கும் ஒரு தளத்தின் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பு வழியாகப் புதிய சர்வருக்குத் திருப்பிச் சோதிக்கும்போது இது கண்டிப்பாக வேலை காட்டும். முகவரி மாறியிருக்கும், பக்கம் மட்டும் பழைய சர்வரில் இருந்தே வரும். டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் தாவலில் கோரிக்கையைச் சொடுக்கி, ரிமோட் அட்ரஸ் என்ற வரியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அப்படிச் சோதித்து முடித்ததும் அந்த வரியை நீக்கிவிடுங்கள். மறந்துவிட்டால், ஊருக்கெல்லாம் தளம் விழுந்து கிடக்கும்போது உங்கள் கணினியில் மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

அடுத்த சந்தேகம் பாதுகாப்பான டிஎன்எஸ், அதாவது டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ். எல்லாப் பழியையும் இதன் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருக்கும் பெயருக்கு அந்த முகவரியையே எடுத்துக்கொள்ளும், வெளியே கேட்பதில்லை. உங்கள் பெயர் டிஎன்எஸ்மாஸ்க்கிலோ, ரவுட்டரிலோ, அலுவலகத்தின் உள் டிஎன்எஸ்ஸிலோ இருந்தால்தான் இது குறுக்கே வரும். பிரவுசர் அவற்றைத் தாண்டி வெளியே இருக்கும் சேவையைக் கேட்கிறது. அதற்கு ஷாப்.டெஸ்ட் தெரியாது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, செக்யூரிட்டி வழியாகப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு சேவையைக் குறிப்பாகத் தேர்ந்திருந்தால் அணையுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் முழுவதும் அணைக்கத் தேவையில்லை, விலக்குப் பட்டியலில் அந்தப் பெயரை மட்டும் சேர்த்தால் போதும்.

ப்ராக்ஸி இருந்தால் பெயரைத் தேடுவது உங்கள் கணினி அல்ல, மறுமுனை. ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு வேலையே இல்லாமல் போகும். லோக்கல்ஹோஸ்ட் வேலை செய்து ஷாப்.டெஸ்ட் மட்டும் செய்யாவிட்டால் முதலில் ப்ராக்ஸியைச் சந்தேகியுங்கள். லோக்கல்ஹோஸ்ட்டைக் குரோம் தானாகவே ப்ராக்ஸிக்கு அனுப்பாது, மற்றதை அனுப்பும். விலக்குப் பட்டியலில் பெயரைச் சேருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று தனி ப்ராக்ஸி அமைப்பு வைத்திருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

இணைப்பு மறுக்கப்பட்டால்

சர்வர் ஓடுகிறதா, எந்த முகவரியில் காத்திருக்கிறது? விண்டோஸில் நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ, மேக்கில் எல்எஸ்ஓஎஃப் -ஐ :3000, லினக்ஸில் எஸ்எஸ் -எல்டிஎன்பி. 127.0.0.1:3000 என்று இருந்தால் ஐபிவி4இல் மட்டும் கேட்கிறது. [::1]:3000 என்றால் ஐபிவி6இல் மட்டும். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் இரண்டையும் குறிக்கும் என்பதால்தான் குழப்பம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் என்ற மென்பொருளில், 2021இல் வந்த நோட் 17 முதல், இயக்குதளம் தரும் வரிசையை நோட் மாற்றாமல் எடுத்துக்கொள்கிறது. முதலில் ::1 வந்தால், நோட் 20க்கு முந்தைய பதிப்புகள் அங்கே மட்டும்தான் போகும். பிரவுசர் இரண்டு முகவரியையும் முயன்று சமாளித்துவிடும். உங்கள் நோட் நிரல் இன்னொரு சர்வரை அழைக்கும்போது ஈகான்ரெஃப்யூஸ்ட் ::1:3000 என்று பிழை வந்தால் காரணம் இதுவே. முகவரியில் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதில் 127.0.0.1 என்று எழுதுங்கள்.

சர்வர் பெயரை ஏற்க மறுத்தால்

அப்பாச்சி சர்வரோடு வரும் எக்ஸாம்ப் தொகுப்பில் ஹெச்டிடிபிடி-விஹோஸ்ட்ஸ்.கான்ஃப் கோப்பில் ஷாப்.டெஸ்ட்டுக்கு ஒரு விர்ச்சுவல் ஹோஸ்ட் (இந்தப் பெயருக்கு இந்தத் தளம் என்ற அமைப்பு) எழுதியதும் லோக்கல்ஹோஸ்ட்டிலும் ஷாப் தளமே வரத் தொடங்கும். பெயர் எதோடும் பொருந்தாத கோரிக்கையை அப்பாச்சி முதல் விர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்குக் கொடுத்துவிடும். எனவே லோக்கல்ஹோஸ்ட்டுக்கும் ஒன்று எழுதி, அதை முதலில் வையுங்கள். பிறகு அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வீட், ஜாங்கோ, ரெயில்ஸ் போன்ற தள உருவாக்கக் கருவிகள் தெரியாத பெயரில் வரும் கோரிக்கையைத் தடுத்துவிடும். வீட் கருவியின் சர்வர் அமைப்புக்குள் அலவுட்ஹோஸ்ட்ஸ், ஜாங்கோவில் அலவுட்_ஹோஸ்ட்ஸ், ரெயில்ஸில் கான்ஃபிக்.ஹோஸ்ட்ஸ். அதில் ஷாப்.டெஸ்ட் என்று சேர்த்தால் திறந்துவிடும். எல்லாப் பெயரையும் ஏற்கும்படி நட்சத்திரமோ ட்ரூவோ போடாதீர்கள். ஒரு கெட்ட தளம் தன் பெயரையே 127.0.0.1க்குத் திருப்பி, உங்கள் பிரவுசர் மூலமாகவே உங்கள் சர்வரில் இருப்பதைப் படிக்க முடியும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பட்டியல்.

ஹெச்டிடிபி என்று அடித்தும் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கே தாவினால், நெட்வொர்க் தாவலில் 307 என்று இருக்கிறதா பாருங்கள். எப்போதோ ஓடிய ஒரு ப்ராஜெக்ட் ஹெச்எஸ்டிஎஸ் என்ற, ஹெச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திற என்று சொல்லும் தலைப்பை அனுப்பியிருக்கிறது, பிரவுசர் அதை நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவு போர்ட் பார்க்காது. 8000இல் ஓடிய ப்ராஜெக்ட் செய்த வேலை 3000இல் ஓடுவதையும் பாதிக்கும். குரோமில் நெட்-இன்டர்னல்ஸின் #ஹெச்எஸ்டிஎஸ் பக்கத்தில் அந்தப் பெயரை நீக்கலாம். குக்கிகளும் போர்ட் பார்ப்பதில்லை. லோக்கல்ஹோஸ்ட்டின் இரண்டு போர்ட்களில் இரண்டு ப்ராஜெக்ட் ஓட்டினால் ஒன்றில் லாகின் செய்ததும் மற்றொன்றில் லாகவுட் ஆவது இதனால்தான். ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

டாக்கர், டபிள்யூஎஸ்எல், கைபேசி

டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரல் தனியாக ஓடும் மூடிய சூழல்) லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான், உங்கள் கணினி அல்ல. உள்ளிருந்து கணினியை அழைக்க டாக்கர் டெஸ்க்டாப்பில் ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல் என்ற பெயர் உண்டு. உள்ளே ஓடும் சர்வர் 0.0.0.0இல், அதாவது எல்லா முகவரிகளிலும், காத்திருக்க வேண்டும். 127.0.0.1இல் இருந்தால் போர்ட்டை வெளியே திறந்துவிட்டாலும் பதில் வராது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் /ஈடிசி/ஹோஸ்ட்ஸை நீங்கள் திருத்தினாலும் அடுத்த முறை தொடங்கும்போது விண்டோஸின் கோப்பில் இருந்து அது புதிதாக எழுதப்படும். எனவே விண்டோஸ் பக்கம் திருத்திவிட்டு டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன் கொடுங்கள்.

கைபேசியில் தளத்தைப் பார்க்க உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பு உதவாது. அங்கே 127.0.0.1 என்பது கைபேசியையே குறிக்கும். இரண்டையும் ஒரே வைஃபையில் சேர்த்து, சர்வரை 0.0.0.0இல் ஓடவிட்டு, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் கணினியின் முகவரியைப் போர்ட்டோடு கைபேசியில் அடியுங்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் விண்டோஸ் ஃபயர்வாலில் அந்த வைஃபை பொது வலைப்பின்னல் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். வீட்டு வைஃபை என்றால் பிரைவேட் என்று மாற்றுங்கள். சோதனை முடிந்ததும் சர்வரை மறுபடி 127.0.0.1க்கே திருப்பிவிடுங்கள். 0.0.0.0இல் விட்டுவிட்டு வெளியிடத்து வைஃபையில் சேர்ந்தால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களும் உங்கள் தளத்தைத் திறக்க வழி கிடைத்துவிடும்.